“இது சோதோம்தானா ஐயா?” என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை மூன்று முறை படித்தேன். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்துக் கிராமம், பெந்தெகொஸ்தே குடும்பம், வீட்டில் டிவி கிடையாது, சினிமா கிடையாது, கல்லூரிக் காலத்திலும் மிஷன் விடுதி. இப்போது 24 வயதில், சென்னை ஓ.எம்.ஆர் சாலையில் நாவலூர் அடுக்குமாடி ஒன்றில் இன்னும் மூன்று பேரோடு தங்கியிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை இரவானால் பாட்டில் திறக்கிறார்கள். ஒருவர் விடிய விடியப் பணம் கட்டி ரம்மி ஆடுகிறார். இன்னொருவர் பொய்யான அனுபவச் சான்றிதழ் வாங்கி வேலை மாறப் பார்க்கிறார். கம்பெனியிலிருந்து விசாரித்தால் ‘நான்தான் அவருடைய பழைய மேனேஜர்’ என்று நீங்கள் பேச வேண்டுமாம். மூன்றாமவருக்கு ஊரில் பெண் பேசி முடித்தாகிவிட்டது, அடுத்த மாதம் நிச்சயம். இங்கே வார இறுதியில் வேறொரு பெண் வந்து தங்கிப் போகிறார். ஊர்ப் பெண்ணின் அண்ணன் உங்களுக்குப் போன் செய்து ‘பையன் எப்படி தம்பி?’ என்று கேட்க, மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டீர்கள். ‘இது சோதோம். வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடட்டுமா?’ என்று, பாவத்தினால் அழிந்ததாக வேதாகமம் சொல்லும் அந்த ஊரின் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்க நினைத்தது, ‘எல்லாரும் கெட்டுவிட்டார்களா, இல்லை எனக்குத்தான் உலகம் தெரியவில்லையா?’ என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. அப்புறம் கடைசி இரண்டு வரிகளில் ஒன்றைச் சொல்லி முடித்திருக்கிறீர்கள். ஒரு இரவு போனில் பார்க்கக்கூடாத ஒன்றைப் பார்த்துவிட்டீர்கள். அன்றிலிருந்து தினமும் மூன்று மணி நேரம் அதே பாவத்தை அறிக்கையிட்டு ஜெபிக்கிறீர்கள், மன்னிப்புக் கிடைத்த நிச்சயம் வரவில்லை, தூக்கமும் இல்லை.

நான் முதலில் இறையியல் படித்தவன். பிறகு உளவியல் ஆலோசனை படித்து, 23 ஆண்டுகளாகத் தாம்பரத்திலும் ஓ.எம்.ஆரிலும் வாலிபர்களோடு பேசி வருகிறேன். உங்களைப் போன்ற வீட்டிலிருந்து வந்தவர்கள் அதில் நிறைய. அந்தக் கடைசி இரண்டு வரியிலிருந்தே தொடங்குகிறேன், அவசரமானது அதுதான்.

ஒரு பாவத்தை ஒரு முறை அறிக்கையிட்டு விட்டுவிடுவது பக்தி. அதையே நாள்தோறும், ‘சரியாக மனஸ்தாபப்பட்டேனா, வார்த்தை சரியாக வந்ததா’ என்று மறுபடி மறுபடி செய்ய வேண்டியிருந்தால் அதன் பெயர் வேறு. ஸ்க்ரூபுலாசிட்டி என்பார்கள். ‘ஸ்க்ரூபுலஸ்’ என்றால் லத்தீனில் கூரான சிறு கல். செருப்புக்குள் கிடந்து, எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும் குத்துகிற கல். வேண்டாத எண்ணமும் அதைத் தணிக்கும் செயலும் திரும்பத் திரும்ப வந்து விடாத ஓசிடி என்ற மனநோயின் ஒரு வடிவமாகவே இது பலருக்கு வருகிறது. விசுவாசம் குறைந்தவர்களுக்கு வருவது என்று எண்ண வேண்டாம். புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர், துறவியாக இருந்த காலத்தில் மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்து, தம் வழிகாட்டி ஸ்டௌப்பிட்ஸைச் சலிக்க வைத்தவர். இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது, முன்பே அறிக்கை செய்த பாவங்களைத் திரும்பத் திரும்பத் தோண்டி, உயிரை விட்டுவிடலாமா என்ற அளவுக்குப் போனார். உங்களுக்கு இருப்பது அதுதான் என்று ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. நேரில் பார்க்கும் மனநல மருத்துவர் சொல்ல வேண்டியது அது. இதற்குச் சிகிச்சை உண்டு, அது பலன் தருகிறது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். பயம் எழும்பும்போது அதைத் தணிக்கும் சடங்கைச் செய்யாமல் தாங்கப் பழக்குவதுதான் அந்தச் சிகிச்சையின் அடிப்படை. தேவைப்பட்டால் மருந்தும் தருவார்கள். உங்கள் மொழியிலேயே சொல்கிறேன்: அந்தப் பாவத்தை இனி அறிக்கையிடாமல் இருப்பதுதான் இப்போது உங்களுக்கு உபவாசம். காலையில் 20 நிமிடம், இரவில் 20 நிமிடம் ஜெபியுங்கள், அதில் அந்த இரவைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். பாஸ்டர் ஐயாவிடமும் ‘கர்த்தர் மன்னித்துவிட்டார்தானே’ என்று திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள், கேட்கக் கேட்க அந்தச் சந்தேகம்தான் வளரும். இரண்டு வாரத்தில் தூக்கம் திரும்பவில்லை என்றாலோ, வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலோ, 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். அரசு நடத்துவது, கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

சரி, எல்லாரும் கெட்டுவிட்டார்களா? 1993இல் டெபோரா பிரென்டிஸ், டேல் மில்லர் என்ற இரண்டு உளவியலாளர்கள் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் குடியைப் பற்றிக் கேட்டார்கள். உனக்கு இது எவ்வளவு சம்மதம், மற்றவர்களுக்கு எவ்வளவு சம்மதம் என்று நினைக்கிறாய் என்பது கேள்வி. பெரும்பாலோர் சொன்னது, ‘எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஆனால் மற்றவர்களுக்குப் பிடித்திருக்கிறது’ என்பதுதான். உள்ளுக்குள் தயங்கிக்கொண்டே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். உங்கள் வீட்டு வெள்ளிக்கிழமையும் அப்படியாக இருக்கலாம். என்னிடம் வருகிற வாலிபர்களில் பலர், ‘சார், எனக்கு அது வேண்டாம்னுதான் இருக்கு, விட்டா தனியாயிடுவேன்’ என்று சொல்லியிருக்கிறார்கள். உலகமே சீரழிந்துகொண்டு போகிறது என்ற எண்ணத்தைப் பற்றியும் ஒரு ஆய்வு உண்டு. ஆடம் மாஸ்ட்ரோயானியும் டேனியல் கில்பர்ட்டும் 2023இல் வெளியிட்டார்கள். குறைந்தது 60 நாடுகளில், குறைந்தது 70 ஆண்டுகளாக, மனிதர்கள் ‘இப்போது ஒழுக்கம் குறைந்துவிட்டது’ என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். ஆனால் சுற்றியிருப்பவர்கள் தங்களிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கேட்டால், அந்தப் பதிலில் காலத்துக்குக் காலம் பெரிய மாற்றம் தெரியவில்லை. இதை வைத்து நாவலூரில் சீர்கேடே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நீங்கள் எழுதியவற்றில் மெய்யான கெடுதல்கள் இருக்கின்றன. எவை என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் வளர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அதை நீங்கள் இப்போது வெறுக்கவும் தொடங்கியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. உங்கள் பக்கத்து முதலூர் 1799இல் எப்படி உருவானது என்று ஓய்வுநாள் பள்ளியில் சொல்லியிருப்பார்கள். புதிதாகக் கிறிஸ்தவர்களானவர்கள் அடி உதைக்குத் தப்பி, நிலம் வாங்கி, ஒன்றாகக் குடியேறிய ஊர். வேலி அன்றைக்கு உயிர் காத்தது. வேலிக்குள் வளர்வது குற்றமில்லை. பெற்றோர் கொடுத்ததை இன்னும் சோதித்துப் பார்க்காமல் வைத்திருக்கிற நிலை என்று ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966இல் வாலிபர்களின் அடையாளத்தைப் பற்றி எழுதியபோது ஒன்றைக் குறித்தார். நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். சோதிக்கும் காலம் இப்போது வந்திருக்கிறது. சோதித்த பிறகு அதே விசுவாசத்தை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன், விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். நீங்கள் எந்தப் பக்கம் போவீர்கள் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் வேலிக்குள் வளர்ந்த கண்ணுக்கு ஒரு பழக்கம் உண்டு. உடம்பைச் சேர்ந்த பாவம் அதற்குத் தூரத்திலிருந்தே தெரியும். குடி, உடை, சினிமா, படுக்கை எல்லாம் தெரியும். ஏமாற்றும் அநியாயமும் பக்கத்திலேயே இருந்தாலும் தெரிவதில்லை. சாதிக்கொரு கல்லறை வைத்திருக்கிற ஊர்களில் உட்கார்ந்துகொண்டு மல்லிகைப்பூ வைப்பது தவறு என்று பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

கோபப்படாமல் உங்கள் கடிதத்தையே திருப்பிப் பாருங்கள். பாட்டிலைப் பற்றி ஏழு வரி. அந்தப் பெண்ணின் உடையைப் பற்றி நான்கு வரி. நடுவில், போகிற போக்கில் ஒரு வரி: ‘சமையல் அக்காவுக்கு ரெண்டு மாசமா யாரும் சம்பளம் குடுக்கல, அவங்களும் கேட்டுட்டுப் போறாங்க.’ யாரும் என்றால் நீங்களும்தான் தம்பி. சோதோம் என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? எசேக்கியேல் 16ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சோதோமின் அக்கிரமம் என்று தீர்க்கதரிசி வரிசைப்படுத்துவது பெருமை, வயிறு நிறைந்த வாழ்வு, கவலையில்லாத சுகம், ஏழை எளியவரின் கையைத் தாங்காமல் விட்டது. அருவருப்பான காரியங்களும் அடுத்த வசனத்தில் வருகின்றன, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் முதலில் வருவது இது. நீங்கள் இருக்கும் சாலையில் 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகர் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரியும், அதற்கும் பிறகு பெரும்பாக்கமும் வந்தன. கூவம், அடையாறு ஓரங்களிலும் கடற்கரையிலும் இருந்த குடும்பங்களை வேரோடு பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த இடங்கள் அவை. நம் அடுக்குமாடிகளைப் பெருக்குகிறவர்களும் வாசலில் காவல் நிற்கிறவர்களும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறார்கள். அந்த முகவரியைச் சொன்னாலே வேலை கிடைப்பதில்லை என்று அங்குள்ள பிள்ளைகள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். இது எந்த வாலிபர் கூட்டத்திலும் பாவமாகச் சொல்லப்பட்டு நான் கேட்டதில்லை.

இறையியல் மாணவர்களை வைத்தே செய்த ஒரு பரிசோதனையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1973இல் ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் வெளியிட்டது. பிரின்ஸ்டனில் ஊழியத்துக்குப் படித்துக்கொண்டிருந்த 40 மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போய்ப் பேசச் சொன்னார்கள். சிலர் பேச வேண்டிய தலைப்பே நல்ல சமாரியன், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவியவனைப் பற்றி இயேசு சொன்ன கதை. வழியில் ஒரு ஆள் இருமிக்கொண்டு சுருண்டு கிடக்கும்படி ஏற்பாடு. அவசரமில்லாதவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். ‘நேரமாகிவிட்டது, ஓடு’ என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். சமாரியனைப் பற்றிப் பேசப் போனதால் கூடுதலாக உதவினார்கள் என்று சொல்லும்படி எதுவும் தெரியவில்லை. சிறிய ஆய்வு இது, இதை வைத்துப் பெரிய கோட்டை கட்ட வேண்டாம். இருந்தாலும் மூன்று மணி நேர ஜெபத்துக்கு ஓடுகிற அவசரத்தில் சமையல் அக்காவைத் தாண்டிப் போயிருக்கிறீர்களே என்று எனக்கு இதைப் படித்ததும் தோன்றியது. இன்று மாலை உங்கள் பங்கைக் கொடுத்துவிடுங்கள். மற்ற மூன்று பேரிடமும் அவர்கள் பங்கைக் கேட்டு வாங்குங்கள். அந்த வீட்டில் உங்கள் முதல் சாட்சி இதுவாக இருக்கட்டும்.

குடியைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அவர்கள் 21 வயது தாண்டியவர்கள், சட்டப்படி குற்றமில்லை. ‘எனக்கு வேண்டாம்’ என்று ஒரு முறை சொல்லுங்கள். காரணம் சொல்லாதீர்கள். காரணம் சொன்னால் வாதம் வரும், வாதத்தில் நீங்கள் பிரசங்கம் செய்வீர்கள். டீம் பார்ட்டிக்குக் கூப்பிட்டால் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கூடத்தில் குடிக்க வேண்டாம் என்றும் அவர்களிடம் கேட்கலாம். வாடகையில் நான்கில் ஒரு பங்கு நீங்கள் கட்டுகிறீர்கள். ரம்மி ஆடுகிறவர்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறார். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025இல் மத்தியச் சட்டமே தடை செய்துவிட்டது. இன்னும் ஆடுகிறார் என்றால் கள்ளத்தனமான ஏதோ ஒரு செயலியில் ஆடுகிறார். தனியாகக் கூப்பிட்டு, ‘எவ்வளவு கடன் இருக்கு? கடன் செயலியில எடுத்தியா?’ என்று மட்டும் கேளுங்கள். திட்டாதீர்கள், பணமும் கொடுக்காதீர்கள். பதில் சொல்ல ஆரம்பித்தால் உட்கார்ந்து கேளுங்கள். இந்தக் கடனில் உயிரை விட்ட பிள்ளைகளின் பெற்றோர் என் அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பொய் அனுபவச் சான்றிதழ் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, பேசாதீர்கள். ‘எல்லாரும்தான் பண்றாங்க’ என்பார்கள். நிறையப் பேர் செய்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு ஆண்டு அனுபவம் என்று பொய் சொல்லி உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும், அந்த இடத்துக்கு உண்மையைச் சொல்லிக் காத்திருந்த ஒருவர் வெளியே நிற்கிறார். பிடிபட்டால் அவருக்கு வேலை போகும், பொய் சொன்ன குரல் உங்களுடையது என்றால் உங்கள் வேலையும் போகலாம். மறுக்கும்போது இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘மச்சி, போன்ல பொய் சொல்ல என்னால முடியாது. ஆனா தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் உன்கூட உக்காந்து இன்டர்வியூவுக்குத் தயார் பண்றேன்.’ சொன்னபடி உட்காரவும் வேண்டும். வெறும் மறுப்பை அவர் ஒழுக்கப் பெருமை என்றுதான் எடுத்துக்கொள்வார்.

அந்த அண்ணனின் போன்தான் உங்களுக்கு உண்மையான சோதனை. மீட்டிங்கில் இருக்கிறேன் என்று சொன்னீர்கள், மீட்டிங்கில் இல்லை. உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. பயந்தால் நல்லவர்களும் பொய் சொல்வார்கள் என்பது இனி உங்களுக்குத் தெரியும். அறை நண்பரிடம் பேசும்போது அந்த நினைவு உங்களைக் கொஞ்சம் இளக்கும். என் கதையையும் சொல்கிறேன். நான் 26 வயதில் இருந்தபோது, விடுதியில் கூட இருந்த ஒருவரைப் பற்றிப் பெண் வீட்டார் என்னிடம் விசாரித்தார்கள். அவர் கையை ஓங்குகிறவர் என்பது எனக்குத் தெரியும். பிறர் காரியத்தில் தலையிட வேண்டாம், புறம் பேசுவது பாவம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ‘நல்ல பையன்தான்’ என்றேன். ஒன்றரை வருடத்தில் அந்தப் பெண் பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டார். பிறகு ஒரு கல்யாண வீட்டில் அவருடைய அப்பா என்னைப் பார்த்து, ‘நீங்க ஜெபிக்கிற பையன்னுதானே தம்பி உங்ககிட்ட கேட்டோம்’ என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. 32 ஆண்டுகள் ஆகின்றன. நான் சொன்ன அந்த இரண்டு வார்த்தைகளை இன்றைக்கும் என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை.

அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். யாரும் கேட்காமல் ஊருக்குப் போய்ச் சொன்னால் அது புறம். வாழ்க்கையை ஒப்படைக்கப் போகிறவர்கள் நேராகக் கேட்கும்போது சொல்வது சாட்சி. ஆனால் முதலில் அறை நண்பரிடம் போங்கள். மற்ற இருவரும் இல்லாத நேரம் பார்த்து, ‘உன்னைப் பற்றி என்னிடம் கேட்டார்கள். நான் நழுவிவிட்டேன். மறுபடி கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் நீயே வீட்டில் பேசிவிடு’ என்று சொல்லுங்கள். அவருக்கும் ஒரு கதை இருக்கலாம். வார இறுதியில் வருகிற பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசை, சாதியோ சபையோ வேறு என்பதால் அப்பாவிடம் வாய் திறக்கப் பயம் என்பது நான் அதிகம் கேட்ட கதை. இங்கே அப்படியா என்று நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஞாயிறு தாண்டியும் அவர் பேசவில்லை, அண்ணனிடமிருந்து போன் வருகிறது என்றால், ‘நிச்சயத்தைத் தள்ளி வையுங்கள், மாப்பிள்ளையிடம் நேரில் உட்கார்ந்து பேசுங்கள், அவர் மனதில் வேறு விஷயம் இருக்கிறது’ என்பதோடு நிறுத்துங்கள். படுக்கையறை விவரம் யாருக்கும் தேவையில்லை.

வார இறுதியில் வருகிற அந்தப் பெண்ணை ‘அந்த மாதிரிப் பெண்’ என்று எழுதியிருந்தீர்கள். அந்த வார்த்தையை எடுத்துவிடுங்கள் தம்பி. கல்யாணம் ஆகாத இருவர் சேர்ந்திருப்பதை உங்கள் விசுவாசம் பாவம் என்கிறது. அதை நீங்கள் விட வேண்டியதில்லை. சட்டம் குற்றம் என்று சொல்லவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் ஊரில் நிச்சயம் நடக்கப்போவது அவருக்குத் தெரியாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அந்த வீட்டில் அதிகம் ஏமாற்றப்படுகிறவர் அவர்தான். அவர் உள்ளே வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருக்கிறீர்கள். அடுத்த முறை ‘சாப்பிட்டீங்களா?’ என்றாவது கேளுங்கள். அவரிடம் நீங்களாகப் போய்ச் சொல்லலாமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. நண்பர் தாமாகச் சொல்ல வாய்ப்புக் கொடுத்துப் பார்த்துவிட்டு, சொல்லவே மாட்டார் என்று தெரிந்தால் சொல்லலாம் என்பது என் சாய்வு. என் மனைவியும் இதே வேலையில் இருப்பவர். உடனே சொல்ல வேண்டும் என்கிறார்.

வேலையை விட வேண்டாம். சபையில் பாஸ்டர் ஐயா உங்களை வரச் சொல்வது அன்பினால்தான். ஆனாலும் கொரிந்தியருக்கு எழுதிய பவுல், உலகத்தாரோடு பழகவே கூடாது என்றால் உலகத்தை விட்டே போக வேண்டியிருக்குமே என்று கேட்டதை அவருக்கு மரியாதையோடு நினைவூட்டலாம். வீடு மாறுவது வேறு விஷயம். பொய்யான போன் பேசச் சொல்லி மிரட்டினாலோ, போதைப்பொருள் எதுவும் உள்ளே வந்தாலோ, அன்றைக்கே பெட்டியைக் கட்டுங்கள். இல்லாவிட்டால் மூன்று மாதம் இருந்து பாருங்கள். இதற்குள் பக்கத்தில் ஒரு சபையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அங்கே உங்களைவிடப் பத்து வயது மூத்த, இந்த ஊரிலேயே குடித்தனம் நடத்துகிற ஒருவரோடு வாரம் ஒரு முறை டீ குடியுங்கள். நீங்கள் வீட்டில் சொல்ல முடியாததை அவரிடம் சொல்லலாம். அந்த அண்ணனின் போன் இந்த வாரமே திரும்ப வரும், அதனால் இன்று ராத்திரியே நண்பரிடம் பேசிவிடுங்கள். அவர் என்ன சொன்னார் என்று இங்கேயே எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.